டிக்கெட் இலவசம்தான்... போய்வரத்தான் காசில்லை

கோவில்பட்டியிலிருந்து 14 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அந்தக் காலனியில் 18 பிள்ளைகள் ஹாக்கி ஆடுகிறார்கள். பையன்கள் 14 பேர், பெண் பிள்ளைகள் 4 பேர். டிசம்பர் 2-ம் தேதி மதுரையில் நடந்த ஜூனியர் உலகக் கோப்பை ஆட்டத்துக்கு 18 பேருக்குமே டிக்கெட் கிடைத்தது. டிக்கெட்டுக்கு ஒரு பைசா கிடையாது. ஆனால் மதுரைக்குப் போனது ஏழு பேர். ஏழு பேரும் பையன்கள்.

மீதி 11 பேர் ஏன் போகவில்லை என்று விசாரிக்கப் போனோம். ஊர்ப் பெயரையோ பிள்ளைகளின் பெயரையோ போட வேண்டாம் என்று பெரியவர்கள் கேட்டுக்கொண்டார்கள். "பேப்பர்ல வந்துட்டா, நாளைக்குப் பஸ்ஸ்டாப்புல நிக்கப் போறது எங்க பிள்ளைகதான சார்" என்றார் ஒரு தாய். அதனால் பெயர்கள் இல்லை.

முதலில் போட்டியைப் பற்றி. 21 வயதுக்கு உட்பட்ட ஆண்களுக்கான ஹாக்கி உலகக் கோப்பை இந்த முறை நம் மாநிலத்தில், சென்னையிலும் மதுரையிலும் நவம்பர் 28 முதல் டிசம்பர் 10 வரை நடந்தது. முதன்முறையாக 24 நாடுகள் பங்கேற்ற போட்டி. சென்னையில் எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் மைதானம், மதுரையில் ரேஸ்கோர்ஸ் வளாகத்தில் புதிதாக அமைத்த மைதானம். இறுதி ஆட்டத்தில் ஸ்பெயினை வென்று ஜெர்மனி கோப்பையை எடுத்தது. அர்ஜென்டினாவை வென்று இந்தியா வெண்கலம் பெற்றது. எல்லா ஆட்டங்களுக்கும் அனுமதி இலவசம். இணையதளத்திலோ செயலியிலோ பதிவு செய்தால் செல்போனுக்கே டிக்கெட் வந்துவிடும் என்று போட்டிக்கு முன்பே அறிவித்திருந்தார்கள்.

நல்ல அறிவிப்பு. இதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. 2023 ஆகஸ்டில் சென்னையில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை நடந்தபோது டிக்கெட்டைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருந்தது. அப்போது இந்தக் காலனியிலிருந்து ஒருவரும் போகவில்லை. போகலாம் என்று யோசிக்கக்கூட இல்லை. சென்னை எங்கே, கரிசல்காடு எங்கே. இந்த முறை மதுரை என்றதும் யோசித்தார்கள். யோசித்ததால்தான் கணக்குப் போட்டார்கள். கணக்குப் போட்டதால்தான் 11 பேர் நின்றுபோனார்கள்.

ஒரு ஆளுக்கு எவ்வளவு?

பிள்ளைகளுக்கு ஆட்டம் கற்றுத்தருபவர் 30 வயது இளைஞர். ஒரு காலத்தில் கோவில்பட்டியில் கல்லூரி அணிக்கு ஆடியவர். இப்போது ஒரு தீப்பெட்டி ஆலையின் குடோனில் வேலை. மாலை ஆறு மணிக்கு வந்து, கண்மாய்க்கரைப் பொட்டலில் இருட்டும்வரை பயிற்சி கொடுக்கிறார். பிள்ளைகளுக்கு அவர் 'அண்ணன்'. அவர் ஒரு பழைய நோட்டை எடுத்துக் காட்டினார். தீப்பெட்டி பண்டல் கணக்கு எழுதும் நோட்டு. அதன் கடைசிப் பக்கத்தில் மதுரைப் பயணக் கணக்கு இருந்தது.

கோவில்பட்டியிலிருந்து மாட்டுத்தாவணி ஏறக்குறைய 100 கிலோமீட்டர். பஸ்ஸில் போக வர ஒரு ஆளுக்கு 200 ரூபாய் என்று எழுதியிருந்தார். ஊரிலிருந்து கோவில்பட்டி, மாட்டுத்தாவணியிலிருந்து மைதானம் என்று சில்லறைச் செலவு 50. மதியம் கிளம்பி மறுநாள் காலையில் திரும்புவதால் இரண்டு வேளைச் சாப்பாடு, எவ்வளவு சுருக்கினாலும் 150. ஆக ஒரு தலைக்கு 400. பிள்ளைகள் 18, கூடப் போகும் பெரியவர்கள் 3, மொத்தம் 8,400 ரூபாய். வேன் பேசிப் பார்த்தார். அதுவும் 9,000-க்குக் குறையவில்லை.

400 ரூபாய் பெரிய தொகையா என்று கேட்பவர்களுக்குப் பக்கத்தில் இன்னொரு எண்ணை வைக்கிறோம். நூறு நாள் வேலையில் 2025-26 நிதியாண்டில் தமிழ்நாட்டுக்கு ஒன்றிய அரசு நிர்ணயித்திருந்த நாள் கூலி 336 ரூபாய். அதிலும் அளந்து பார்த்துக் குறைத்துக் கொடுப்பது உண்டு. வருவதற்கு மாதக்கணக்கில் ஆவதும் உண்டு. ஒரு பிள்ளை ஒரு ஆட்டம் பார்க்க, தாயின் ஒரு நாள் கூலி முழுதும் போதாது. அண்ணனும் தங்கையும் ஆடுகிற வீடுகள் இந்தக் காலனியில் இரண்டு உண்டு. அந்த வீடுகளில் பேச்சு அங்கேயே முடிந்துவிட்டது.

இலவசம் என்று சொல்லப்படும் வேறு சில விஷயங்களும் இந்தக் கணக்கில் உதவிக்கு வரவில்லை. பெண்களுக்கான விடியல் பயணம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துக்குத்தான். ஊரிலிருந்து கோவில்பட்டி வரை அம்மா காசில்லாமல் வந்துவிடலாம், கோவில்பட்டியில் ஏறும் மதுரை பஸ்ஸில் முழுக் கட்டணம். மாணவர் இலவசப் பஸ் பாஸ் வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையில் மட்டும். டிக்கெட் செல்போனில் வரும் என்றார்கள். இந்த வீடுகளில் நல்ல போன் ஒன்றுதான் இருக்கும், அதுவும் காலையில் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். 18 டிக்கெட்டையும் அண்ணனே மூன்று பேரின் போன்களில் பதிவு செய்து எடுத்தார். அவர் மாதிரி ஒரு ஆள் இல்லாத காலனியில் அந்த அறிவிப்பு வந்ததே தெரிந்திருக்காது.

டிக்கெட்டுக்கு விலை இருந்தால், அதிகமாக இருக்கிறது, குறையுங்கள் என்று கேட்கலாம். இலவசம் என்று எழுதிவிட்ட பிறகு வராதவனைப் பார்த்து, அவனுக்கு ஆர்வமில்லை என்று சொல்லிவிடுவது சுலபமாகிவிடுகிறது. இந்தப் பிள்ளைகளுக்கு ஆர்வமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. கோவில்பட்டி வட்டாரம் ஹாக்கிக்குப் பேர்போனது. செயற்கைப் புல்தரை மைதானமும் விளையாட்டு விடுதியும் இங்கே உண்டு. இந்திய சீனியர் அணிக்கு ஆடிய மாரீஸ்வரன் சக்திவேல் இந்த ஊர்க்காரர். அரியலூரிலிருந்து வந்த கார்த்தி செல்வம் இங்கே பயிற்சி பெற்று இந்திய அணிக்குப் போனவர். தெருவில் எந்தப் பையனைக் கேட்டாலும் இரண்டு பேரையும் தெரிகிறது. நம் காலனிப் பிள்ளைகளின் ஸ்டிக்குகள் கோவில்பட்டி அணிகள் ஆடிக் கழித்தவை. உடைந்த இடத்தில் டேப் சுற்றியிருக்கிறது. கோல்கீப்பரின் கால்கவசம் ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் நீலம்.

இரவு பத்து மணிக்கு மேல்

பணம்தான் தடை என்றால் யாராவது கொடுத்துவிடலாம். கொடுக்கவும் செய்தார்கள். ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவர் ஆயிரம் ரூபாய், மின்வாரிய ஊழியர் ஒருவர் ஆயிரம், அம்பேத்கர் மன்றத்தின் கணக்கிலிருந்து ஆயிரத்து ஐந்நூறு. பெற்றோர் ஆளுக்கு ஐம்பதும் நூறும் போட்டிருந்தால் இன்னும் கொஞ்சம் பேர் போயிருக்கலாம். போடவில்லை. அதற்குக் காரணம் கடிகாரம்.

இந்தியாவும் சுவிட்சர்லாந்தும் மோதிய அந்த ஆட்டம் இரவு 8 மணிக்கு. அன்று செவ்வாய்க்கிழமை, பள்ளி நாள். ஆட்டம் முடிந்து மாட்டுத்தாவணி வந்து பஸ் ஏறினால் கோவில்பட்டிக்கு நள்ளிரவு தாண்டிவிடும். சில பஸ்கள் ஊருக்குள் வராமல் நான்குவழிச் சாலையிலேயே இறக்கிவிட்டுப் போய்விடும் என்பது இந்தப் பக்கத்துக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அங்கிருந்து காலனிக்கு 14 கிலோமீட்டர். கடைசி டவுன்பஸ் எட்டே முக்காலுக்கே போயிருக்கும். ஆட்டோ கேட்பதைக் கொடுத்தாலும், ஆட்டோ நிற்பது ஊர் முக்கில். அங்கிருந்து ஊர்த் தெரு வழியாக நடந்துதான் காலனிக்குப் போக வேண்டும்.

அந்தக் கடைசி ஒரு கிலோமீட்டரைப் பற்றித்தான் பெற்றோர்கள் நம்மிடம் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள்.

"ராத்திரி ஒரு மணிக்கு, ஸ்டிக்கும் கையுமா நம்ம பயக பத்துப் பேரு அந்தத் தெரு வழியா வந்தா, என்னனு நினைப்பாக? காலையில ஒரு புகார் வந்தா யார் போயி நிக்கிறது?" என்கிறார் ஒரு தந்தை. கட்டட வேலை செய்பவர்.

இது மிகையான பயம் என்று தோன்றினால் இந்த மாவட்டத்தில் நடந்ததை நினைவுபடுத்துகிறோம். 2025 மார்ச்சில், தேர்வு எழுதப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்த பட்டியல் சாதி பிளஸ் 1 மாணவனைக் கீழே இழுத்து வெட்டினார்கள். கை விரல்கள் துண்டாயின. கபடிப் போட்டியில் அவன் அணி வென்றதுதான் காரணம் என்று குடும்பத்தார் கூறினார்கள். நடந்தது பகலில். அந்தச் செய்தி வந்த பிறகு இந்தக் காலனியில் ஒரு மாதம் ஹாக்கி நடக்கவில்லை. பிள்ளைகள் ஸ்டிக்கைத் தொடவே பெரியவர்கள் விடவில்லை. ஜெயித்தால் அடி விழும் என்று தெரிந்த இடத்தில் விளையாட்டுக்கு அனுப்புவதே ஒரு துணிச்சல். நள்ளிரவில் திரும்பும் பயணத்துக்கு அனுப்பவில்லை என்று யாரைக் குறை சொல்வது?

நான்கு பெண் பிள்ளைகளைப் பற்றிப் பேச்சே எழவில்லை. அவர்களில் ஒருத்தி பத்தாம் வகுப்பு, கோல்கீப்பர். மேலே சொன்ன இரு நிறக் கால்கவசம் அவளுடையதுதான். "டிக்கெட்டுல எம் பேரும் இருந்துச்சு. அண்ணன் போன்ல காமிச்சாரு" என்றாள். வீட்டில் கேட்டாயா என்றோம். "கேக்கல. கேட்டா, சும்மா ஆடப் போறதையும் நிறுத்திப்புட்டா?"

ஏழு பேரோடு போனோம்

ஏழு பையன்கள், அண்ணன், இரண்டு தந்தையர். மதியம் ஒரு மணிக்குப் பள்ளியில் சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். நாமும் உடன் போனோம். மாட்டுத்தாவணியில் இறங்கி, டவுன்பஸ் பிடித்து, கொஞ்ச தூரம் நடந்து மைதானம் போய்ச் சேர்ந்தபோது விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. ஏழு பேரில் ஐந்து பேர் மதுரைக்கே முதல்முறை.

வாசலில் ஒரு சிக்கலும் இல்லை. அண்ணன் போனை நீட்ட, ஸ்கேன் செய்து ஒவ்வொருவராக உள்ளே விட்டார்கள். காசு கேட்கவில்லை, எந்தத் தெரு என்று கேட்கவில்லை. "எந்த ஸ்கூல் தம்பி?" என்று மட்டும் ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார். ஒரு பொது இடத்துக்குள் இப்படி நிமிர்ந்து நுழைவது இந்தப் பிள்ளைகளுக்கு அன்றாடம் நடப்பதில்லை. அதை அவர்களுடைய நடையிலேயே பார்த்தோம்.

உள்ளே அவர்களை முதலில் அசத்தியது ஆட்டம் இல்லை, தண்ணீர்தான். ஆட்டத்துக்கு முன்பு நீலத் தரை முழுக்கத் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தார்கள். பந்து வழுக்கி வேகமாக ஓடுவதற்காக அப்படி நனைப்பார்கள் என்று அண்ணன் விளக்கினார். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் வாயைப் பிளந்து பார்த்துவிட்டு, "நம்மூர்ல குடிக்கவே ரெண்டு நாளைக்கு ஒருக்கா தானண்ணே வருது" என்றான். இவர்கள் ஆடும் கரிசல் பொட்டலில் மழை பெய்தால் பந்து ஒட்டிக்கொண்டு நகராது. வெயிலில் வெடிப்பில் விழுந்து திசைமாறும். அந்தத் தரையில் பந்தை நிறுத்தப் பழகிய கைகள் இவை. பெனால்டி கார்னரில் பந்தை நிறுத்தும் விதத்தை ஏழு பேரும் எழுந்து நின்று பார்த்தார்கள். டி.வி.யில் கேமரா பந்தோடு ஓடிவிடும். பந்து இல்லாத இடத்தில் ஆட்டக்காரன் எங்கே நிற்கிறான், எப்போது ஓடத் தொடங்குகிறான் என்பது நேரில் பார்த்தால்தான் தெரியும் என்றார் அண்ணன். ஒரு வருடம் வாயால் சொன்னது ஒரு மணி நேரத்தில் புரிந்துவிட்டதாம்.

இந்தியா 5-0 என்று வென்றது. பையன்களுக்குத் தொண்டை கட்டிவிட்டது.

அதன் பிறகுதான் செலவைச் சுருக்க அண்ணன் போட்டிருந்த திட்டம் தெரிந்தது. நள்ளிரவில் ஊர்த் தெருவுக்குள் போகக் கூடாது. அதனால் மாட்டுத்தாவணி பஸ் நிலையத்திலேயே துண்டை விரித்துப் படுத்துக்கொண்டோம். கொசு. ஒரு தந்தை தூங்கவே இல்லை, பையன்களைச் சுற்றிச் சுற்றி வந்தார். விடிகாலை நான்கு மணி பஸ். ஆறரைக்குக் கோவில்பட்டி, முதல் டவுன்பஸ்ஸில் ஊர். ஒன்பது மணிக்குப் பள்ளி. கொண்டுபோன 3,500 ரூபாயில் மிச்சம் வந்த 140 ரூபாயை அண்ணன் மன்றத்தில் திருப்பிக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

அதே இரவு, போகாத பிள்ளைகள் மன்றத்துத் திண்ணையில் ஒரு போனைச் சுவரில் சாய்த்துவைத்து ஆட்டத்தைப் பார்த்திருக்கிறார்கள். மூன்றாவது கோலின்போது டேட்டா தீர்ந்துவிட்டது.

ஜூனியர் ஆட்டத்தில் ஏன் இவ்வளவு அக்கறை என்று கேட்கலாம். பெரிய பெயர்கள் எல்லாம் இந்தப் படியில்தான் முதலில் தெரியவருகின்றன. வந்தனா கட்டாரியா 2013-ல் ஜெர்மனியில் நடந்த பெண்கள் ஜூனியர் உலகக் கோப்பையில் இந்தியாவுக்காக அதிகக் கோல் அடித்தவர். இந்தியா அங்கே வெண்கலம் வென்றது. 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக மூன்று கோல் அடித்தார். ஒலிம்பிக்கில் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் அடித்த முதல் இந்தியப் பெண் அவர்தான். நான்கே நாளில், அரையிறுதியில் இந்தியா தோற்றதும், ஹரித்வார் அருகே ரோஷ்னாபாத்தில் அவர் வீட்டு முன்பு பட்டாசு வெடித்து, அணியில் தலித்துகள் அதிகமாகிவிட்டதால்தான் தோற்றது என்று சாதி சொல்லித் திட்டினார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவாகி, கைதும் நடந்தது. அவ்வளவு உயரம் போனவரின் வீட்டு வாசலுக்கே அது வந்தது. நம் கோல்கீப்பர் பெண்ணுக்கு வந்தனாவைத் தெரிகிறது. மூன்று கோலும் தெரிகிறது, பட்டாசும் தெரிகிறது.

1928-ல் ஆம்ஸ்டர்டாமில் இந்தியா முதல் ஒலிம்பிக் ஹாக்கித் தங்கம் வென்றபோது அந்த அணிக்குத் தலைமையேற்றுப் போனவர் ஜெய்பால் சிங், முண்டா பழங்குடியைச் சேர்ந்தவர். பின்னாளில் அரசியல் நிர்ணய சபையில் பழங்குடிகளுக்காகப் பேசியவரும் அவரே. அந்தப் பெயரை அன்றைக்கு அவளிடம் சொன்னோம். எழுதி வைத்துக்கொண்டாள்.

சரி, என்ன செய்திருக்கலாம்? பெரிய வித்தை ஒன்றும் வேண்டாம். போட்டியை மதுரையில் நடத்த முடிவெடுத்தபோதே, சுற்று மாவட்டங்களில் ஹாக்கி ஆடும் கிராமங்களின் பட்டியல் எடுத்து, ஒன்றியத்துக்கு ஒரு பஸ்ஸாவது விட்டிருக்கலாம். பஸ் காலனி வரை வந்து ஏற்றி, காலனி வரை வந்து இறக்க வேண்டும். ஊர் முக்கோடு நிற்கும் பஸ்ஸால் நம் பிள்ளைகளுக்கு அரைப் பயன்தான். ஒரு பெண் ஆசிரியர் கூட வந்தால் நான்கு பெண் பிள்ளைகளும் ஏறியிருப்பார்கள் என்று தாய்மார்கள் நம்மிடம் உறுதியாகச் சொன்னார்கள். இந்தியா ஆடாத ஆட்டங்கள் பகலில் நடந்தன. அவற்றுக்கு அழைத்துப் போயிருந்தால் இரவுப் பிரச்சினையே இல்லை. ஹாக்கி கற்கிற பிள்ளைக்கு ஸ்பெயின் ஆடினால் என்ன, பெல்ஜியம் ஆடினால் என்ன?

பணம் எங்கே என்ற கேள்விக்கும் பதில் இருக்கிறது. ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுக்கான செயல் திட்டத்துக்கு 2024-ல் தமிழ்நாடு சட்டமன்றம் சட்டமே இயற்றியிருக்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி மாநில மக்கள்தொகையில் ஆதிதிராவிடர் 20 சதவீதம். அந்த விகிதத்துக்கு நிதி ஒதுக்கப்பட வேண்டும் என்பதே நெடுநாள் கோரிக்கை. அந்த நிதி போகக்கூடாத இடங்களுக்கெல்லாம் போகிறது என்று இந்தப் பகுதியில் பலமுறை எழுதியிருக்கிறோம். பிள்ளைகள் ஆட்டம் பார்க்கப் போய்வர ஒரு பஸ், இரண்டு வேளைச் சோறு என்று அதில் ஒரு வரி சேர்த்தால் யாருக்கும் நஷ்டமில்லை. 21 பேருக்கு 8,400 ரூபாய். ஒரு வரவேற்பு பிளெக்ஸ் பேனர் வரிசைக்கு ஆகும் செலவுதான்.

அண்ணன் இதை விடுவதாக இல்லை. நடந்து முடிந்த திங்கட்கிழமை தூத்துக்குடி ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர் நாளில் மனு கொடுத்திருக்கிறார். அடுத்து மதுரையிலோ கோவில்பட்டியிலோ பெரிய போட்டி நடந்தால் காலனிப் பிள்ளைகள் போய்வரப் பஸ் வேண்டும். பெண் பிள்ளைகளோடு ஆசிரியை ஒருவர் வர வேண்டும் என்று இரண்டே கோரிக்கை. மனுவுக்கு ரசீது கொடுத்திருக்கிறார்கள். அன்றைக்கும் அரைநாள் கூலி போனது என்றார். ரசீதைப் பயணக் கணக்கு எழுதிய அதே பக்கத்தில் ஒட்டிவைத்திருக்கிறார்.